கடைசி வண்டியைக் கணக்கில் வைத்து

மலைத்தடப் பயணம் ஒன்றுக்கான தாள் இப்போது என் மேசையில் விரிந்து கிடக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் சக்தி போகும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் ஆறு, பதினான்கு பேர், மூன்று பகல், இரண்டு இரவு. நண்பர்களிடையே இரண்டு வாரமாக நடக்கும் பேச்செல்லாம் எந்த வண்டியில் என்ன டயர், யாருடைய வின்ச் (மாட்டிக்கொண்ட வண்டியைக் கயிற்றால் இழுக்கும் எந்திரம்) பெரியது, எந்த ஏற்றத்தில் காணொளி நன்றாக வரும் என்பவற்றையே சுற்றி வருகிறது. எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், யார் சொன்னால் எல்லோரும் வண்டியைத் திருப்புவோம் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. முதன்முதலில் நான் ஒரு குழுவை மலைக்கு அழைத்துச் சென்றபோது எனக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

அந்தப் பயணத்தில் பதினோரு வண்டிகள் இருந்தன. தடத்தின் நீளம் 26 கிலோமீட்டர். மணிக்கு 8 கிலோமீட்டர் என்று அடக்கமாகவே கணக்கிட்டுவிட்டதாக நினைத்து, சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் இரண்டு மணி நேரத்தைத் தாராளமாகச் சேர்த்து, காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் பிற்பகல் ஒன்றரை மணிக்குள் மறுபக்கத் தார்ச்சாலையைத் தொட்டுவிடலாம் என்று தாளில் எழுதினேன். அந்தக் கணக்கில் இருந்த வேகம் ஒற்றை வண்டியின் வேகம் என்பது முதல் பாறைப் படியிலேயே தெரிந்துவிட்டது. முழங்கால் உயரமுள்ள அந்தப் படியில் ஒவ்வொரு வண்டியும் வந்து நின்று, முன்னால் நிற்பவர் கை காட்ட, சக்கரத்தை அங்குலம் அங்குலமாக வைத்து ஏறி, அடுத்த வண்டிக்கு இடம் விட்டு நகர்வதற்குச் சராசரியாக ஆறு நிமிடம் ஆனது. பதினோரு வண்டிகளுக்கு அறுபத்தாறு நிமிடம். அப்படிப்பட்ட இடங்கள் அந்தத் தடத்தில் நான்கு இருந்தன. தனியாகப் போகும் ஒருவர் இருபத்துநான்கு நிமிடத்தில் கடந்துவிடக்கூடிய நான்கு இடங்கள், எங்களிடமிருந்து நான்கரை மணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்டன.

அதற்குப் பிறகு நான் தூரத்தை வைத்து நேரம் போடுவதை நிறுத்திவிட்டேன். ஓட்டும் நேரம் தனி. கடினமான இடங்களின் எண்ணிக்கையை வண்டிகளின் எண்ணிக்கையால் பெருக்கி, அதை ஆறு நிமிடத்தால் பெருக்கி வருவது தனி. பஞ்சர், கழன்ற மூடி, தவறிய பாதை என்று ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் தனி. ஆறு வண்டிகள் நான்கு கடினமான இடங்களைக் கடக்க வேண்டுமானால் அதற்கு மட்டும் ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகிறது. இந்தப் பெருக்கலில் நம் கையில் இருக்கும் எண் வண்டிகளின் எண்ணிக்கை ஒன்றுதான், பாறைகளை நாம் குறைக்க முடியாது. ஆகவே ஆறுக்கு மேல் போனால் குழுவை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனி நேரம் என்று வைத்துவிடுகிறேன். அமெரிக்காவின் சியாரா நெவாடா மலைத்தொடரில் இருக்கும் ரூபிகான் தடத்தில் 1953 முதல் ஜீப் குழுக்கள் திரளாகச் சென்று வருகின்றன. அதன் நீளம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான், ஆனாலும் அங்கே போகும் குழுக்கள் பெரும்பாலும் நடுவில் ஓர் இரவாவது கூடாரம் அடித்துத் தங்குகின்றன. கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறுபவர்களிடம் நான் சொல்லும் உதாரணம் இது.

வண்டிகளின் எண்ணிக்கைக்கு அடுத்தபடி, தடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு ஆள் சேர்ப்பதா, ஆள் சேர்ந்த பிறகு தடத்தை முடிவு செய்வதா என்ற கேள்வி வருகிறது. எனக்கு இதில் சந்தேகம் இல்லை: வருகிறவர்களில் மிகத் தாழ்வான வண்டி எது, மிகக் குறைந்த அனுபவம் உள்ளவர் யார் என்று தெரிந்த பிறகே தடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உயரமான வண்டிகள் ஐந்து இருந்தாலும், அடிப்பகுதி தட்டும் ஒரு வண்டி இருந்தால் அந்தக் குழு ஏறக்கூடிய பாறையின் உயரத்தை அந்த ஒரு வண்டிதான் நிர்ணயிக்கும். தரையிலிருந்து உள்ள இடைவெளியை மட்டும் பார்த்தால் போதாது. முன் பம்பர் பாறையில் மோதாமல் எவ்வளவு செங்குத்தான ஏற்றத்தை அணுக முடியும், இறங்கும்போது பின்பக்கம் எங்கே உரசும், மேட்டின் உச்சியில் முன்சக்கரமும் பின்சக்கரமும் இரு பக்கமும் இறங்கியிருக்கும்போது வயிறு தட்டுமா என்ற மூன்று கோணங்களையும் பார்க்க வேண்டும். நீளமான வண்டிகள் பெரும்பாலும் மூன்றாவதில்தான் மாட்டிக்கொள்கின்றன. மெதுவாக, அதிக இழுவையோடு ஏற உதவும் லோ ரேஞ்ச் கியர் இல்லாத வண்டியை நான் செங்குத்தான தடங்களுக்குச் சேர்ப்பதில்லை. அந்த நண்பர் எவ்வளவு நெருக்கமானவராக இருந்தாலும், அவருக்கு மற்றொருவரின் வண்டியில் இருக்கை தருகிறேனே தவிர, கிளட்ச் எரியும் வாசனையோடு அவரை ஏற்றத்தில் நிறுத்த மனம் வருவதில்லை.

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு எல்லா வண்டிகளையும் ஒரே இடத்தில் சமதரையில் நிறுத்திப் பார்ப்பது எங்கள் வழக்கம். முன்னாலும் பின்னாலும் இழுப்பதற்கான கொக்கி சட்டகத்தோடு போல்ட் செய்யப்பட்டிருக்கிறதா, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி உண்மையாகவே அந்த வண்டியைத் தூக்குமா, வீல் நட்டுக்குரிய ஸ்பேனர் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவரும் செய்து காட்ட வேண்டும். ஒரு முறை, புதிதாகச் சேர்ந்த ஓர் இளைஞர், மேற்கூரையில் இரும்புத் தட்டு வைத்து, அதன் மேல் இரண்டு எரிபொருள் கேன்கள், ஒரு ஸ்டெப்னி, கூடாரம், தண்ணீர்ப் பீப்பாய் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். பார்ப்பதற்கு வண்டி கம்பீரமாகத்தான் இருந்தது. பக்கவாட்டில் நின்று இரண்டு கைகளாலும் கூரையின் விளிம்பைப் பிடித்து அசைக்கச் சொன்னேன். அசைத்தவர், வண்டி படகு போல ஆடுவதைப் பார்த்துத் தானே கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். எடை மேலே போகப் போகப் பக்கச்சரிவில் வண்டி கவிழ்வதற்குத் தேவைப்படும் சாய்வு குறைகிறது. ஆகவே கனமானது எதுவும் இருக்கைக்குக் கீழே, இரண்டு அச்சுகளுக்கும் இடையே இருக்க வேண்டும்.

வரைபடத்தோடு செலவிடும் நேரம்தான் எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி. செயற்கைக்கோள் படங்களில் மலை தட்டையாகத் தெரியும், அதுவும் எந்த மாதத்தில் எடுத்த படம் என்று தெரியாமல் நம்பினால் பனி மூடிய பகுதியைப் புல்வெளி என்று நினைத்துக்கொள்வோம். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் உள்ள வரைபடம் பொய் சொல்வது குறைவு. கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம். தடம் 400 மீட்டர் கிடைத்தூரத்தில் ஐந்து இடைவெளிகளைக் கடக்கிறது என்றால், 100 மீட்டர் ஏறுகிறோம் என்று பொருள். அது 25 சதவீத ஏற்றம், ஏறத்தாழ 14 பாகைச் சாய்வு. ஈரமில்லாத நாளில் பெரும்பாலான ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் இதை ஏறிவிடும், மழை பெய்த களிமண்ணில் இதே ஏற்றம் வேறு கதை. கோடுகளைக் குறுக்கே வெட்டாமல் அவற்றை ஒட்டியே போகும் தடத்தைப் பார்த்து, ஏற்றம் இல்லை என்று மகிழ்ந்துவிடக் கூடாது. கோடுகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் அப்படிப் போகும் தடம் மலையின் விலாவில் செதுக்கிய விளிம்புப் பாதையாகத்தான் இருக்கும், ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு.

அந்த விளிம்புப் பாதைகளுக்காகவே நான் வரைபடத்தில் பச்சை மையால் ஒரு குறி இடுகிறேன். வண்டியைத் திருப்பக்கூடிய இடங்களுக்கான குறி அது. திரும்பிவிடலாம் என்று முடிவெடுப்பது சுலபம், ஆறு வண்டிகள் வரிசையாக நிற்கும் ஒன்றரை வண்டி அகலப் பாதையில் திரும்புவது எப்படி என்று யோசித்துப் பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும். கடைசி வண்டி முதலில் பின்னோக்கிப் போக வேண்டும், அதைப் பார்த்து ஐந்தாவது, அதைப் பார்த்து நான்காவது. இப்படி எண்ணூறு மீட்டர் தூரத்தைப் பின்னோக்கியே கடந்த ஒரு மாலையில், ஒருவர் பள்ளத்தாக்குப் பக்கம் நடந்தபடி ஒவ்வொரு வண்டியின் பின்சக்கரத்துக்கும் விளிம்புக்கும் இடையே எத்தனை சாண் இருக்கிறது என்று கத்திக்கொண்டே வந்தார். அன்று முதல், பச்சைக் குறி உள்ள இடத்தில் எல்லோரும் நிற்பதும், இரண்டு பேர் அடுத்த பச்சைக் குறி வரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவதும், பிறகே முதல் வண்டி நகர்வதும் எங்கள் விதியாயிற்று. நேரம் போகிறதே என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். அந்த நேரத்தையும் தாளில் எழுதிவிட்டால் சலிப்பு குறைகிறது.

இனி, அந்தப் பதினோரு வண்டிப் பயணத்துக்குத் திரும்புகிறேன். பிற்பகல் ஒன்றரை மணிக்கு முடிந்திருக்க வேண்டிய தடத்தில், மாலை நாலரை மணிக்கு நாங்கள் பதினேழாவது கிலோமீட்டரில் ஓர் ஓடையின் கரையில் நின்றோம். மேலே பனி இருக்கும் மலையில் ஓடைகளுக்கு ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. இரவுக் குளிரில் பனி உருகுவது குறைந்து, விடியற்காலையில் தண்ணீர் மிகவும் இறங்கியிருக்கும். பகல் வெயிலில் உருகிய நீர் பள்ளத்தாக்கு வழியே இறங்கி வந்து சேர்வதற்குச் சில மணி நேரம் ஆவதால், பிற்பகலின் கடைசியிலும் மாலையிலும்தான் வெள்ளம் உச்சத்தில் இருக்கும். என் திட்டத்தின்படி நண்பகலுக்கு முன்பே கடந்திருக்க வேண்டிய ஓடையை, நாளின் மிக மோசமான மணியில் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது. அடியில் கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் ஓசை, தூரத்தில் பலகைகளை இறக்கிப் போடுவதுபோலக் கேட்டது.

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு ஒருவர் இறங்கிப் பார்த்தார். நடுவில் தொடையளவு. முதல் மூன்று வண்டிகள் சற்று மேல்நீர்ப் பக்கமாக நுழைந்து, நீரோட்டத்தோடு சாய்ந்து, அக்கரை ஏறிவிட்டன. நாலாவது வண்டி பாதி வழியில் இருக்கும்போது அதன் பின்பகுதி மெதுவாக, ஒரு கதவு திறப்பதுபோல, கீழ்நீர்ப் பக்கம் நகர்ந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சக்கரங்களும் சுழன்றுகொண்டுதான் இருந்தன, ஆனால் வண்டியின் எடையில் ஒரு பங்கைத் தண்ணீர் தாங்கிக்கொண்டதால் டயருக்குக் கீழே பிடிப்பு இல்லை. நல்ல வேளையாக அரை மீட்டருக்குள் ஒரு பாறை அதைத் தாங்கிப் பிடித்தது. வேகமாக ஓடும் நீர் 30 சென்டிமீட்டர் ஆழமிருந்தாலே பெரும்பாலான கார்களை அடித்துப்போகும், 60 சென்டிமீட்டர் என்றால் பெரிய வண்டிகளையும் விட்டுவைக்காது என்பது நான் பல முறை படித்திருந்த செய்திதான். நீரோட்டத்தின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது என்பதும் பள்ளியில் படித்ததுதான். மூன்று வண்டிகள் கடந்ததைக் கண்டபோது அந்தப் படிப்பெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

நாலாவது வண்டியை இக்கரையிலிருந்து வின்ச்சால் பின்னோக்கி இழுத்தெடுக்க ஐம்பது நிமிடம் ஆனது. அதற்குள் தண்ணீர் இன்னும் ஒரு கையளவு ஏறியிருந்தது. மீதியுள்ளவர்களில் சிலர் இன்னொரு முறை முயன்று பார்க்கலாம் என்றார்கள். கடைசி வண்டியை ஓட்டி வந்தவர், எங்களில் வயதில் மூத்தவர், அதுவரை ஒரு வார்த்தையும் பேசாமல் கரையோரம் குத்த வைத்து உட்கார்ந்திருந்தவர், “தம்பி, அந்த வெள்ளைக் கல்லைப் பாரு. நாம வந்தப்ப வெளிய இருந்துச்சு. இப்ப காணோம்” என்று மட்டும் சொன்னார். அதோடு பேச்சு முடிந்தது. எட்டு வண்டிகள் இக்கரையிலும் மூன்று வண்டிகள் அக்கரையிலுமாக இரவைக் கழித்தோம். கூடாரங்களில் பெரும்பகுதி அக்கரையில், சமைப்பதற்கான பொருள் எல்லாம் இக்கரையில், மருந்துப் பெட்டி அக்கரையில், அதற்குத் தேவைப்பட்டவர், உள்ளங்கையில் கயிறு அறுத்த காயத்தோடு, இக்கரையில். காலை ஐந்தரை மணிக்கு டார்ச்சை அடித்துப் பார்த்தபோது வெள்ளைக் கல் முழுவதும் வெளியே தெரிந்தது, அதன் கழுத்தளவில் முந்தைய இரவின் வண்டல் ஒரு கோடாகப் படிந்திருந்தது. ஆறரை மணிக்குள் எட்டு வண்டிகளும் முழங்கால் ஆழத்தில் அலுங்காமல் கடந்தன.

இப்போது எங்கள் தாளில் ஒவ்வொரு ஓடைக்கும் எதிரே ஒரு மணி எழுதப்பட்டிருக்கிறது. அந்த மணிக்குப் பிறகு அங்கே சேர்ந்தால் கடப்பதில்லை, கரையில் தங்குவோம் அல்லது திரும்புவோம். மலையேறுபவர்கள் சிகரத்துக்குக் கிளம்பும் முன்பே, உச்சி பத்து அடி தூரத்தில் தெரிந்தாலும் இந்த மணிக்குத் திரும்பிவிடுவோம் என்று ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். களைப்பும் ஆசையும் சேர்ந்திருக்கும் வேளையில் தன் அறிவை நம்ப முடியாது என்று தெரிந்தவர்கள் செய்யும் ஏற்பாடு அது. கரையில் நின்று விவாதித்தால் துணிச்சல்காரர்தான் ஜெயிப்பார், ஆகவே விவாதத்தை வீட்டிலேயே முடித்துக்கொள்கிறோம். கடப்பதற்கு முன் ஆழத்தோடு சேர்த்து எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நீண்ட ஏற்றம் ஏறிச் சூடாகியிருக்கும் அச்சுகள் குளிர்ந்த நீரில் சட்டென்று மூழ்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உள்ளே இழுக்கும் என்பதால் பத்து நிமிடம் நின்று ஆறவிட்டு இறங்குவது நல்லது. மறுநாள், அச்சின் நடுவே இருக்கும் பற்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் எண்ணெய் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம்.

பொருட்களைப் பங்கிடும் முறையும் அந்த இரவில் பிறந்ததுதான். குழு எந்த இடத்தில் இரண்டாக வெட்டப்பட்டாலும் இரு பாதிகளும் ஓர் இரவைத் தாங்க வேண்டும். ஆகவே தண்ணீர், ஒரு வேளை உணவு, போர்வை, டார்ச், சிறு மருந்துப் பெட்டி, தீயணைப்பான் ஆகியவை ஒவ்வொரு வண்டியிலும் இருக்கும். வின்ச், காற்றடிக்கும் கம்ப்ரசர், பஞ்சர் அடைக்கும் பெட்டி, கனமான கயிறு ஆகியவை இரண்டு இரண்டாக, ஒன்று முன்பாதியிலும் ஒன்று பின்பாதியிலும் போகும். இதனால் சில பொருட்களை இரட்டையாக வாங்க வேண்டியிருக்கிறது என்பதும், செலவைப் பங்கிடும்போது முணுமுணுப்பு எழும் என்பதும் உண்மைதான்.

மீட்புக் கயிறுகளைப் பற்றிப் பேசும்போது நான் சற்றுக் கண்டிப்பானவனாகிவிடுவதாக நண்பர்கள் சொல்கிறார்கள். சேற்றில் புதைந்த வண்டியை ஓடி இழுப்பதற்கான நைலான் கயிறு, நீளத்தில் 20 முதல் 30 சதவீதம் வரை நீண்டு, அந்த ஆற்றலைச் சேர்த்து வைத்து, வண்டியை மெல்லப் பிடுங்குகிறது. நீளாத பட்டையையோ இரும்புச் சங்கிலியையோ கொண்டு அதே வேலையைச் செய்தால் அதிர்ச்சி முழுவதும் கொக்கியின் மேல் விழும். கொக்கி பிய்த்துக்கொண்டால் அது பீரங்கிக் குண்டுதான். டிரெய்லர் மாட்டுவதற்கென்று பின்பம்பரில் இருக்கும் உருண்டையில் கயிற்றைப் போட்டு இழுத்து, அந்த உருண்டை முறிந்து பறந்து உயிர்கள் போயிருக்கின்றன. ஆகவே எங்கள் குழுவில் அந்த உருண்டையைச் சமதரைப் பரிசோதனையின்போதே கழற்றச் சொல்லிவிடுகிறோம். கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷேக்கிளை வாங்கும்போது அதன் உடலில் தாங்குதிறன் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும், தரமான முக்கால் அங்குல ஷேக்கிளில் 4.75 டன் என்று எழுத்து புடைத்துக்கொண்டிருக்கும். எண் எதுவும் இல்லாமல் பளபளவென்று மின்னுவது பந்தல் கட்ட உதவலாம். வின்ச்சின் மேல் எழுதியிருக்கும் இழுவிசையும் உருளையில் கம்பி முதல் சுற்று அடுக்கில் இருக்கும்போது கிடைப்பதுதான், மேலே அடுக்குகள் கூடக்கூட அது குறைந்துகொண்டே வரும். முடிந்தவரை கயிற்றை வெளியே விட்டு இழுப்பதும், போதாவிட்டால் ஒரு கப்பியைப் போட்டு விசையை இரட்டிப்பதும் அதனால்தான். இழுக்கும்போது சம்பந்தமில்லாதவர்கள் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும், காணொளி எடுப்பவர் உட்பட.

தடம் தொடங்கும் இடத்தில் எல்லோரும் குந்தி உட்கார்ந்து டயரில் காற்றை இறக்கும் அந்தக் கால் மணி நேரம் எனக்குப் பிடிக்கும். வால்வு மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாவியின் முனையால் ஊசியை அழுத்தினால், புஸ்ஸென்ற ஓசையோடு ரப்பர் வாசனை கலந்த குளிர்ந்த காற்று விரலில் படும். தார்ச்சாலையில் 33 பிஎஸ்ஐ வைத்திருந்த டயரை 20 பிஎஸ்ஐ அளவுக்குக் கொண்டுவந்தால், தரையைத் தொடும் பகுதி நீண்டு, கல்லின் மேல் டயர் உட்கார்ந்துகொள்ளும், குலுக்கல் குறையும், பிடிப்பு கூடும். ஆனால் பக்கச்சுவர் வெளியே பிதுங்குவதால் கூரான கல்லின் முனையை அது தொடாமல் ஓட்டத் தெரிய வேண்டும். 15 பிஎஸ்ஐக்குக் கீழே போனால் சாதாரண வீலில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. எல்லோரும் ஒரே எண்ணை வைக்க வேண்டும் என்பதில்லை, எடை கூடிய வண்டிக்கு இரண்டு மூன்று கூடுதலாகவே வைக்கிறோம். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் காற்று ஏற்றாமல் வேகமெடுக்கக் கூடாது என்பதால், ஆறு வண்டிகளின் இருபத்துநான்கு டயர்களுக்கும் இரண்டு கம்ப்ரசர்களை வைத்து நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் தாளில் வந்துவிடுகிறது.

இறக்கங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லோ ரேஞ்சில் முதல் கியரைப் போட்டு எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ள விட வேண்டும், காலை பிரேக்கில் ஊன்றிக்கொண்டே இறங்கக் கூடாது. பிரேக் எண்ணெய் காலப்போக்கில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155 பாகை வரை இறங்கிவிடக்கூடும். அது கொதித்துவிட்டால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. கடைசியாக எப்போது அந்த எண்ணெயை மாற்றினீர்கள் என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள்.

வரிசையில் போகும் முறைக்கு ஒரே ஒரு விதி போதும்: உங்களுக்குப் பின்னால் வருபவருக்கு நீங்கள் பொறுப்பு. பாதை பிரியும் இடத்தில், பின்னால் வருபவர் உங்களைப் பார்த்து, நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று அறிந்துகொள்ளும் வரை நீங்கள் நகரக் கூடாது. அவர் வரவில்லை என்றால் நீங்கள் நிற்பீர்கள், நீங்கள் நின்றால் உங்களுக்கு முன்னால் இருப்பவர் நிற்பார், இப்படிச் சங்கிலியாகச் சில நிமிடங்களில் முதல் வண்டியும் நின்றுவிடும். வாக்கி டாக்கி இல்லாமலேயே இது வேலை செய்யும் என்பதுதான் இதன் அழகு. வாக்கி டாக்கியும் வைத்துக்கொள்கிறோம், ஆனால் அதன் அலை நேர்கோட்டில் போவதால் மலையின் ஒரு முட்டியைச் சுற்றியதும் தொடர்பு அறுந்துவிடும் என்பதை நினைவில் வைத்திருக்கிறோம். கடினமான இடத்தில் கை காட்டுபவர் ஒருவர் மட்டுமே இருக்க வேண்டும். நான்கு பேர் நான்கு திசையில் கையை ஆட்டினால் ஓட்டுபவர் யாரையும் பார்க்க மாட்டார். எதிரே வண்டி வந்தால் ஏறி வருபவருக்கு வழிவிடுவது மலையின் பொது மரியாதை. கொண்டை ஊசி வளைவைக் குறுக்கே வெட்டி ஏறுபவரை நான் அடுத்த பயணத்துக்கு அழைப்பதில்லை, ஏனென்றால் அந்தச் சக்கரத் தடத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த மழைநீர் இறங்கும், இரண்டு பருவங்களில் அது ஓடையாகி, தடத்தையே அறுத்துவிடும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வரி. மூச்சு முட்டுவது ஆளுக்கும் வண்டிக்கும் பொது. காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ 3 சதவீதச் சக்தியை இழப்பதால், 3,000 மீட்டரில் அதன் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான அளவு போயிருக்கும். மனித உடலுக்கு 2,500 மீட்டருக்கு மேல் தலைவலியும் குமட்டலும் தொடங்கக்கூடும். வண்டியில் ஒரே நாளில் ஏறிவிட முடிகிறது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் இடத்தின் உயரம் ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாதபடி முகாம்களை அமைக்கிறோம். தலைவலியோடு நடை தள்ளாடினால் வண்டி இறக்கத்தை நோக்கித் திரும்பிவிட வேண்டும்.

அனுமதிகள் வாங்கிய பிறகு, தாளின் ஒரு நகல் பயணத்துக்கு வராத ஒருவரிடம் போகும். தடத்தின் வரைபடம், வண்டி எண்கள், முகாம்கள், எத்தனை மணி வரை எங்களிடமிருந்து செய்தி வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பது எல்லாம் அதில் இருக்கும். செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள் பெரிய உதவிதான். ஆனால் சில நாடுகளில் முன் அனுமதி இல்லாமல் அவற்றை வைத்திருப்பதே குற்றம் என்பதால், செல்லும் இடத்தின் சட்டத்தை விசாரிக்காமல் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது.

வரும் பயணத்துக்கான தாளில் ஓடைகளின் மணி, பச்சைக் குறிகள், காற்றின் அளவு, இரண்டு கம்ப்ரசர்கள் எந்தெந்த வண்டியில் என்பவை எல்லாம் நிரம்பிவிட்டன. முதல் வண்டியை ஓட்ட மூன்று பேர் போட்டியிடுகிறார்கள். ஆறாவது வண்டிக்கு எதிரே உள்ள கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. எல்லோருடைய புழுதியையும் தின்று, எல்லோருடைய பஞ்சருக்கும் நின்று, யார் களைத்திருக்கிறார் என்பதைப் பின்னாலிருந்தே கண்டுபிடித்து, திரும்பலாம் என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் எல்லோரும் கேட்கக்கூடிய ஆள் அங்கே வேண்டும். வெள்ளைக் கல்லைக் காட்டிய பெரியவருக்கு நேற்றிரவு போன் செய்தேன். முழங்கால் வலி, யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் சொல்லும் வரை புறப்படும் தேதியைப் பென்சிலில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.